வெட்டும் முன் இனம் காண்போம்: நாட்டு வேல மரங்களின் தோற்றமும் வாழிடமும்

வேல மரம் தமிழக உழவர்களுக்குப் புதியதன்று. கலப்பைக்கும் வண்டிக்கும் மரம், ஆட்டுக்குத் தழையும் நெற்றும், அடுப்புக்கு விறகு, வேலிக்கு முள், பல் துலக்கக் குச்சி என்று தொன்றுதொட்டு அது நமக்குப் பயன்பட்டு வருகிறது. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்னும் பழமொழியை அறியாதவர் இல்லை. சென்னைக்கு அருகிலுள்ள திருவேற்காடு வேல மரக் காட்டினால் பெயர் பெற்ற ஊராகும். அவ்வூர்ச் சிவன் கோயிலின் தல மரம் வெள்வேல்.

இத்தகைய மரத்திற்கு இப்போது எதிர்பாராத ஓர் ஆபத்து வந்துள்ளது. வட மாவட்டங்களில் 'வேலிகாத்தான்' என்று வழங்கும் சீமைக் கருவேலத்தை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. அயல்நாட்டு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2022-இல் வெளியிட்டது. இவை வேண்டிய நடவடிக்கைகளே. ஆனால் வாய்ப்பேச்சில் 'சீமை' என்ற சொல் உதிர்ந்து 'கருவேல மரம் வெட்டும் வேலை' என்றாகிவிடுகிறது. மண் அள்ளும் இயந்திரம் ஏரிக்குள் இறங்கியபின், முள் உள்ளதெல்லாம் வேலிகாத்தானாகவே தெரியும். அயல் மரத்தோடு நாட்டுக் கருவேலும் வெள்வேலும் வன்னியும் சேர்ந்தே சாய்கின்றன.

ஓர் ஏக்கர் முட்புதரை அழிக்க இயந்திரத்திற்கு அதிக நேரம் ஆகாது. வண்டிச் சாமான் செய்யத் தக்க கருவேல் ஒன்று வளரப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். ஆகவே எது நம் மரம், எது வந்தேறி மரம் என்பதை வெட்டும் முன் அறிந்துகொள்வது அவசியம். காஞ்சிபுரம் வட்டாரத்தின் ஏரி, ஆறு, புறம்போக்கு ஆகியவற்றை முன்வைத்து இனம் காணும் முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

வேல் இனமும் அதன் பெயர்களும்

வேல மரங்கள் அவரை, துவரை போன்று நெற்றுக் காய்க்கும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் வேர்களில் முடிச்சுகள் உண்டு. அம்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துகின்றன. வளம் குன்றிய நிலத்திலும் வேல் வளர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

புத்தகங்களில் இவை நெடுங்காலம் 'அக்கேசியா' என்ற பொதுப்பெயரால் குறிக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவில் 'வாட்டில்' என்று வழங்கும் மரங்களும் அதே பெயரில் இருந்தன. 2005-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அக்கேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய வாட்டில்களுக்கு ஒதுக்கியது. நம் கருவேலும் வெள்வேலும் இப்போது 'வாச்செல்லியா' என்றும், கருங்காலி, சீயக்காய், இண்டு போன்றவை 'செனிகாலியா' என்றும் அழைக்கப்படுகின்றன. நாற்றங்கால் அட்டைகளில் பழைய பெயரோ புதிய பெயரோ இருக்கக்கூடும், மரம் ஒன்றேதான்.

வாட்டில் என்ற பெயர் நமக்கும் அந்நியமன்று. தோல் பதனிட வட இந்தியாவில், குறிப்பாகக் கான்பூரில், கருவேலம் பட்டை பயன்பட்டது. தென்னாட்டில் ஆவாரம் பட்டை பயன்பட்டது. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியாயிற்று. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அம்மரம் விறகுக்காகவும் பட்டைக்காகவும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்க்கப்பட்டது. அங்கே அது இன்று புல்வெளிகளில் பரவித் தொல்லையாகியுள்ளது. பயன் கருதிக் கொண்டுவந்த அயல் மரம் பிறகு களையாக மாறுவது மலையிலும் சமவெளியிலும் ஒரே கதைதான்.

1. கருவேல்

தோற்றம்: நல்ல ஈரமுள்ள வண்டல் மண்ணில் கருவேல் 15 மீட்டர் வரை உயரும். வறண்ட மேட்டு நிலத்தில், ஆடு கடித்த நிலையில், புதராகவே நிற்கும். முதிர்ந்த அடிமரத்தின் பட்டை கரும்பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். நீளவாக்கில் ஆழமாக வெடித்திருக்கும். 'கரு' என்ற அடைமொழி இப்பட்டையால் வந்தது. பட்டையில் காயம் பட்டால் பிசின் வடியும்.

முட்கள் ஒவ்வொரு கணுவிலும் இரண்டிரண்டாக, நேராக, வெண்மையாக இருக்கும். இளஞ்செடியில் இவை 5 செ.மீ. நீளம்கூட வளரும். முதிர்ந்த மரத்தில் முட்கள் குறைந்துவிடும்.

இலையின் நடுக்காம்பிலிருந்து இருபுறமும் சிறகு போன்ற கிளைக்காம்புகள் பிரியும். இவை பெரும்பாலும் 3 முதல் 6 ஜோடி இருக்கும். ஒவ்வொரு கிளைக்காம்பிலும் 10 ஜோடிக்கு மேற்பட்ட சிற்றிலைகள் உண்டு. சிற்றிலை அரை செ.மீ. அளவே இருக்கும்.

பூ பொன் மஞ்சள் நிறமுள்ள சிறு உருண்டை, மணமுடையது. மழைக்காலத்தையொட்டி இலைக்கணுக்களில் கொத்தாகப் பூக்கும். காய்தான் கருவேலின் ஐயமற்ற அடையாளம். விதைக்கு விதை இறுகி, மணி கோத்த மாலை போல் தொங்கும். மேலே சாம்பல் வெண்மையான மெல்லிய பூம்படலம் இருக்கும். காய்கள் கோடையில் முதிர்ந்து உதிரும்.

வாழிடம்: ஏரி உட்பரப்பு, வாய்க்கால் ஓரம், ஆற்றுப்படுகையின் வண்டல், கரிசல் மண் ஆகியவை இதற்கு ஏற்றவை. களர், உவர் நிலத்தையும் ஓரளவு தாங்கும். இம்மரத்தின் சிறப்பு, வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி அடிமரம் சில மாதங்கள் நீரில் நின்றாலும் அழுகாமல், கோடை வறட்சியிலும் காயாமல் தாக்குப்பிடிப்பதாகும். இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கும் மரங்கள் மிகச் சிலவே. இதனால்தான் 1981 முதல் ஸ்வீடன் நாட்டு உதவியுடன் நடைபெற்ற சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழக ஏரிகளின் உட்பரப்பில் கருவேல் பெருமளவில் நடப்பட்டது. இன்று பல ஏரிகளில் வரிசையாக நிற்கும் கருவேல்கள் தாமாக முளைத்தவை அல்ல. மக்கள் வரிப்பணத்தில் வளர்த்தவை.

பயன்: வண்டிச் சக்கரக் குடம், ஆரக்கால், கலப்பை, நுகத்தடி, மண்வெட்டிப் பிடி ஆகியவற்றுக்குக் கடினமும் உறுதியும் உடைய இம்மரம் ஏற்றது. தழையும் நெற்றும் ஆடுகளுக்கு உணவாகும். நெற்றில் துவர்ப்புச் சத்து மிகுதியாதலால் அதை மட்டுமே தீவனமாகப் போடாமல் மற்றவற்றுடன் கலந்து கொடுப்பது நல்லது. தூக்கணாங்குருவிகள் கிணற்றின் மேலும் நீர்நிலையின் மேலும் சாய்ந்த கருவேல் கிளைகளில் கூடு கட்டும். செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலிலும் கரிக்கிலியிலும் நீர்ப்பறவைகள் கூடு கட்டும் மரங்களில் கருவேலும் ஒன்று. 1790-களில் அப்பகுதியின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் காலத்திலேயே வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டுப் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்பதை அம்மக்கள் அன்றே அறிந்திருந்தனர். நீரில் நிற்கும் மரம் இல்லையேல் பறவை இல்லை. பறவை இல்லையேல் அந்த உரமும் இல்லை.

நெல் வயலில் கருவேல் வளர்ப்பது சத்தீஸ்கர் மாநில உழவர்களின் பழைய வழக்கம். அங்கே வயல் வரப்புகளிலும் வயலுக்குள்ளும் மரத்தை விட்டுவைத்து, பக்கக் கிளைகளைக் கழித்து, நெல்லும் விறகும் ஒரே நிலத்தில் எடுக்கின்றனர்.

2. வெள்வேல்

தோற்றம்: தூரத்திலிருந்தே அடிமரத்தைக் கொண்டு வெள்வேலை அறியலாம். பட்டை வெளிர் மஞ்சள் கலந்த வெண்மையாகவோ சாம்பல் வெண்மையாகவோ இருந்து, செதில் செதிலாக உரியும். மிக முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதி மட்டும் கறுத்துவிடும். அப்போது மேல் கிளைகளின் வெண்மையைப் பார்க்க வேண்டும். கிளைகள் முறுக்கி வளர்ந்து பரந்த கவிகையை அமைக்கும்.

முட்கள் இதிலும் ஜோடியாகவும் நேராகவும் இருக்கும். இலையின் கிளைக்காம்புகள் 5 முதல் 12 ஜோடி வரை இருப்பதால் இலை கருவேலை விட நுண்மையாகத் தோன்றும். பூக்கள் வெளிர் மஞ்சள் அல்லது பாலாடை நிறமுள்ள மிகச் சிறு உருண்டைகள். ஆவணி முதல் கார்த்திகை வரை கிளை நுனிகளில் பெரிய பெரிய கொத்துகளாகப் பூத்து, மரம் முழுவதும் வெளிர் நிறப் போர்வை போர்த்தது போலிருக்கும். காய் மெல்லிய நாடா போன்று தட்டையாக, சற்று வளைந்து, பழுப்பு நிறமாக இருக்கும். கருவேலைப் போல் மணிமாலையாக இறுகாது.

வாழிடம்: கருவேல் பள்ளத்தின் மரம் என்றால், வெள்வேல் மேட்டின் மரம். செம்மண், சரளை மண், கற்பாறை கலந்த தரிசு, மேய்க்கால் புறம்போக்கு ஆகியவற்றில் இது நன்கு நிற்கும். நீர் நெடுநாள் தேங்கும் இடத்தில் இதனைக் காண்பது அரிது.

பயன்: இதன் பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருளுக்காகச் சாராயம் வடிப்பதில் வெள்வேல் பட்டை சேர்க்கப்பட்டது. 'பட்டைச் சாராயம்' என்ற பெயர் அதனால் வந்தது. உழவருக்கு அதைவிடப் பெரிய பயன் மேய்ச்சலில் உள்ளது. இதனை அறியக் கொங்கு நாட்டைப் பார்க்கலாம். காங்கயம் மாடுகளை வளர்க்கும் திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் 'கொறங்காடு' என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. உயிர்வேலி சூழ்ந்த அந்நிலத்தில் கீழே கொழுக்கட்டைப் புல்லும் மேலே வெள்வேலும் வளர்கின்றன. வெள்வேலின் நிழல் மெல்லியதாதலால் அடியில் புல் வளர்கிறது. கோடையில் புல் காய்ந்த பின் உதிரும் நெற்று மாட்டுக்குத் தீவனமாகிறது. காஞ்சிபுரம் பகுதியின் மேய்க்கால் நிலங்களில் வெள்வேலை விட்டுவைத்தால் ஆடு மாடு வைத்திருப்போருக்கு இதே நன்மை கிட்டும்.

3. ஏனைய நாட்டு முள் மரங்களும் புதர்களும்

வேலிகாத்தான் என்று தவறாகக் கருதப்படக்கூடிய வேறு சில நாட்டு இனங்களும் உண்டு.

வன்னி: இது வேலிகாத்தானுக்கு நெருங்கிய உறவு; ஆனால் நம் நாட்டு மரம். கோயில்களில் தல மரமாக வணங்கப்படுவது. பூ மஞ்சள் நிறமாக நீண்ட கதிர் வடிவில் இருப்பதால் ஏமாற நேரிடும். இதன் முட்கள் சிறியவை. அடி அகன்று கூம்பு வடிவில், கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். கணுவில் ஜோடியாக இரா. காய் மெலிந்து நீண்டு தொங்கும்.

விடத்தேரை: 'விடத்தலை' என்றும் கூறுவர். வறண்ட புதர்க்காடுகளில் வளரும் குறுமரம். பூங்கதிர் கீழ்நோக்கித் தொங்கும். ஒரு பாதி இளஞ்சிவப்பு, மறுபாதி மஞ்சள். இரு நிறப் பூங்கதிர் வேறெந்த முள் மரத்திலும் இல்லை. காய்கள் முறுக்கிச் சுருண்டு ஒரே கொத்தாக இருக்கும். சிறு கிளைகளின் நுனியே முள்ளாக மாறியிருக்கும்.

இண்டு: வேலிகளில் ஏறிப் படரும் முட்கொடி. தண்டு முழுவதும் கீழ்நோக்கி வளைந்த கொக்கி முட்கள் இருக்கும். ஆடையைப் பற்றினால் எளிதில் விடாது. உயிர்வேலிக்கு ஏற்றது.

கருங்காலி: குன்றுப்புறக் காடுகளில் காணப்படும். பூ வெளிர் மஞ்சள் கதிர். முட்கள் ஜோடியாகவும் கொக்கி போல் வளைந்தும் இருக்கும்.

குடைவேல்: தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களில் மிகுதி. குடை விரித்தாற்போல் மேற்புறம் தட்டையாக இருக்கும்.

கஸ்தூரி வேல் என்பது அமெரிக்காவிலிருந்து வந்து நெடுங்காலமாக இங்கே வளரும் புதராகும். மஞ்சள் உருண்டைப் பூ மிகுந்த மணமுடையது. காய் தடித்து உருண்டு கறுத்திருக்கும். பிரான்சு நாட்டில் இப்பூவிலிருந்து வாசனைப் பொருள் எடுக்கின்றனர்.

4. சீமைக் கருவேல் என்னும் வேலிகாத்தான்

இதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகள். 1877-இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கடப்பை மாவட்டத்தில் இதன் விதை ஊன்றப்பட்டது. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கவும், வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும், வேலியாகவும் இது பரப்பப்பட்டது. பயிரைக் காக்கும் வேலி என்பதால் 'வேலிகாத்தான்' என்ற பெயர் வந்தது. இன்றும் நிலமற்ற ஏழைகள் பலருக்கு விறகும் கரியும் இதிலிருந்தே கிடைக்கின்றன என்பதை மறுக்க முடியாது.

ஆனால் இதன் இனிப்பு நெற்றை ஆடு மாடுகள் விரும்பித் தின்று, செரிக்காத விதையைச் சாணத்தோடும் புழுக்கையோடும் ஊரெங்கும் விதைத்துவிடுகின்றன. வெட்டினால் அடியிலிருந்து பல தண்டுகளாகத் தழைக்கும். அடர்ந்த புதரின் கீழ் புல் முளைப்பதில்லை. ஏரிக்குள் பரவினால் நீர் வரத்தும் கொள்ளளவும் பாதிக்கப்படும்.

தோற்றம்: தண்டு வளைந்து வளைந்து வளரும். பூ பசுமை கலந்த மஞ்சள் நிறமுள்ள விரல் போன்ற கதிர். ஆண்டின் பெரும்பகுதியும் பூக்கும். காய் நீண்டு, சதைப்பற்றுடன் தடித்து, பழுத்தால் வைக்கோல் நிறமாகும். இலையின் கிளைக்காம்புகள் ஒன்று முதல் மூன்று ஜோடி மட்டுமே. சிற்றிலைகள் ஒரு செ.மீ. அளவிலோ அதற்கு மேலோ நீண்டு, இடைவெளி விட்டு அமைந்திருக்கும்.

5. வயலில் நின்று இனம் காணும் வரிசை

கீழ்க்கண்ட வரிசையில் சோதித்தால் தவறு நேராது.

(அ) பூவைப் பாருங்கள். உருண்டைப் பூ என்றால் அது வேலிகாத்தான் அன்று. வெட்டுவதை நிறுத்துங்கள். கதிர்ப் பூ என்றால் உடனே வெட்டிவிடாதீர்கள். வன்னிக்கும் விடத்தேரைக்கும் கருங்காலிக்கும் கதிர்ப் பூவே. அடுத்த சோதனைக்குச் செல்லுங்கள்.

(ஆ) காயைப் பாருங்கள். மணிமாலை போலிருந்தால் கருவேல். தட்டை நாடா போலிருந்தால் வெள்வேல். முறுக்கிய கொத்தானால் விடத்தேரை. தடித்த, இனிக்கும், வைக்கோல் நிறக் காயானால் வேலிகாத்தான். மரத்தில் காய் இல்லாவிட்டால் அடியில் உதிர்ந்த நெற்றைத் தேடுங்கள்.

(இ) முள்ளைப் பாருங்கள். கணுவில் வெண்மையான நேர்முள் ஜோடி நாட்டு வேல்களில் உண்டு. கொக்கி முள் இண்டுக்கும் கருங்காலிக்கும் உரியது. தண்டில் சிதறிய கூம்பு முள் வன்னிக்கு உரியது. வேலிகாத்தானிலும் கணுவில் முள் ஜோடியாக வருவதுண்டு. எனவே முள்ளை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது.

(ஈ) இலையை எண்ணுங்கள். பூவும் காயும் இல்லாத இளஞ்செடிக்கு இதுவே வழி. முழுதாக வளர்ந்த இலைகள் ஐந்தாறு பறித்துக் கிளைக்காம்புகளை எண்ணவும். மூன்று ஜோடிக்கு மேல் இருந்தால் வேலிகாத்தான் அன்று. ஒன்று, இரண்டு ஜோடியே இருந்து சிற்றிலையும் பெரிதாக இருந்தால் வேலிகாத்தான் என ஐயுறலாம். வன்னியிலும் கிளைக்காம்புகள் குறைவே. ஆதலால் முள் அமைந்த இடத்தையும் பார்த்து முடிவு செய்யவும்.

(உ) பட்டையைப் பாருங்கள். வெண்மையாக உரிந்தால் வெள்வேல். கறுத்து ஆழமாக வெடித்திருந்தால் கருவேல்.

இரண்டு அடையாளங்களாவது ஒத்துவந்தால் மட்டும் முடிவுக்கு வாருங்கள். ஐயம் தீராத மரத்தை ஒரு பருவம் விட்டுவைத்துப் பூத்தபின் பார்க்கலாம். விட்டுவைத்த வேலிகாத்தானை அடுத்த ஆண்டும் அகற்ற முடியும். வெட்டிய வன்னியை மீண்டும் நிறுத்த முடியாது.

6. எந்த இடத்தில் எதை எதிர்பார்க்கலாம்?

காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிப்பாசனத்தால் வாழ்ந்த நிலம். உத்திரமேரூர்க் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவற்றில், ஏரியைப் பேணுவதற்கென்றே 'ஏரி வாரியம்' தேர்ந்தெடுக்கப்பட்ட முறை பொறிக்கப்பட்டுள்ளது. தென்னேரி, உத்திரமேரூர் போன்ற பெரிய ஏரிகள் முதல் சிற்றூர்த் தாங்கல் வரை ஒவ்வொன்றிலும் மேடும் பள்ளமும் உண்டு. மரங்களும் அதற்கேற்ப மாறும்.

ஏரியின் உட்பரப்பில், நீர் தேங்கும் பகுதியில் வரிசையாக நிற்பவை பெரும்பாலும் நடப்பட்ட கருவேல். நீர்ப்பிடிப்பின் மேல் விளிம்பிலும் வரத்து வாய்க்காலிலும் வேலிகாத்தான் மிகுதியாக இருக்கும். இடையிடையே கருவேல் கன்றுகளும் முளைத்திருக்கும். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆற்றோரங்களிலும் இவ்விரண்டும் கலந்தே வளரும். மேய்க்கால், செம்மண் மேடு, கற்குன்றின் அடிவாரம் ஆகிய இடங்களில் வெள்வேல், விடத்தேரை, இண்டு ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். கோயில் நிலங்களிலும் பழைய குளக்கரைகளிலும் வன்னி இருக்கக்கூடும். இயந்திரம் இறங்கும் முன் அதிகக் கவனம் வேண்டிய இடங்கள், இனங்கள் கலந்து வளரும் வரத்து வாய்க்காலும் ஆற்றோரமும் ஆகும்.

7. அகற்றும்போது கவனிக்க வேண்டியவை

1. பணி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே, மரம் அறிந்த இருவர் நிலம் முழுவதும் நடந்து, காக்க வேண்டிய மரங்களின் அடியில் மார்பளவு உயரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடிக்கவும். இளங்கன்றுகளுக்குப் பக்கத்தில் குச்சி நட்டுத் துணி கட்டவும். ஆடு மேய்ப்போர் இப்பணிக்கு மிகவும் ஏற்றவர்கள். எந்த மரத்தின் நெற்று எப்போது உதிரும் என்பதை அவர்கள் நன்கு அறிவர்.

2. ஏரி, ஆறு, புறம்போக்கு மரங்கள் பொதுச் சொத்து. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சி, நீர்வளத்துறை, வனத்துறை ஆகியோரில் உரியவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறாமல் எந்த மரத்தையும் வெட்டக்கூடாது. ஒப்பந்தக்காரருக்குத் தரும் ஆணையில் 'சீமைக் கருவேல்' என்று முழுப் பெயரும் எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்ளவும்.

3. வேலிகாத்தானைத் தரைமட்டமாக வெட்டினால் பயனில்லை. மண் ஈரமாக உள்ளபோது அடிக்கட்டையை வேர்த்தலையோடு தோண்டி எடுக்கவும். ஏரிக்கரையின் மீது வளர்ந்ததை மட்டும் வேரோடு பறிக்கக்கூடாது, கரை இளகிவிடும். அங்கே வெட்டிவிட்டு, தழைக்கும் துளிர்களை அடிக்கடி கழித்துவர வேண்டும்.

4. காய் முதிரும் முன் அகற்றுவது நல்லது. பழுத்த நெற்றைச் சேர்த்து அரைத்து மற்றத் தீவனத்துடன் அளவாகக் கலந்து கொடுத்தால் விதை அழிந்துவிடும். நெற்றை மேய்ந்த ஆடுகளை உடனே வேறு நிலத்திற்கு ஓட்டாமல் சில நாள் பட்டியில் அடைக்கவும்.

5. மண்ணில் தங்கிய விதைகள் தொடர்ந்து சில ஆண்டுகள் முளைக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். அப்போதும் இலையை எண்ணிப் பார்த்தே பிடுங்கவும்.

6. வெறுமையாக விட்ட நிலத்தில் வேலிகாத்தானே முதலில் திரும்ப வரும். அகற்றிய ஆண்டிலேயே நாட்டு மரங்களை நடுவது அவசியம்.

8. நட விரும்புவோருக்கு

கருவேல் விதையின் மேல்தோல் கடினமானது. ஆட்டுப்பட்டியில் கிடைக்கும் விதை நன்கு முளைக்கும். ஆட்டின் வயிற்றுக்குள் சென்று வந்ததால் தோல் இளகியிருக்கும். மரத்திலிருந்து நேரே எடுத்த விதையானால், கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு ஒரு நாள் ஊறவிடவும். ஊறி உப்பிய விதைகளை மட்டும் மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்த பாலித்தீன் பைகளில் ஊன்றவும். வெள்வேல் விதைக்கும் இம்முறை பொருந்தும்.

மாசி, பங்குனியில் ஊன்றினால் ஐப்பசி மழைக்குக் கன்று நடத் தயாராகும். ஏரி உட்பரப்பிலும் தாழ்ந்த களர் நிலத்திலும் கருவேலையும், மேட்டுத் தரிசிலும் மேய்ச்சல் நிலத்திலும் வெள்வேலையும் நடவும். முதல் இரண்டு ஆண்டுகள் ஆடு கடிக்காமல் முள் அடைத்துக் காக்க வேண்டும். பக்கக் கிளைகளை ஆண்டுதோறும் கழித்துவந்தால் அடிமரம் நேராக வளரும். கழித்த முள்ளே வேலிக்கு உதவும்.

பயிற்சி

படித்ததைச் சோதித்துக்கொள்ளச் சில வினாக்கள்:

1. ஏரிக்குள் கறுத்த பட்டையுள்ள முள் மரம். இலையில் ஐந்து ஜோடிக் கிளைக்காம்பு. அடியில் மணிமாலை போன்ற நெற்று. வெட்டலாமா?

2. குளக்கரையில் மஞ்சள் கதிர்ப் பூவுடைய மரம். சிறிய கூம்பு முட்கள் கணுக்களுக்கு இடையில் சிதறியுள்ளன. இது எது?

3. வரத்து வாய்க்காலில் முழங்கால் உயரக் கன்று, எல்லா இலையிலும் இரண்டு ஜோடிக் கிளைக்காம்பே உள்ளது, சிற்றிலைகள் நீளம், கணுக்களில் முள். என்ன செய்யலாம்?

விடை: முதலாவது கருவேல், காக்க வேண்டும். இரண்டாவது வன்னி, காக்க வேண்டும். மூன்றாவது வேலிகாத்தான், வேரோடு பிடுங்கலாம்.

வேலிகாத்தானை அகற்றுவதில் காட்டும் ஊக்கத்தை நாட்டு வேலைக் காப்பதிலும் காட்டினால்தான் அப்பணி முழுமை பெறும். மரத்தை இனம் காண்பதில் ஐயம் ஏற்பட்டால் பூ, காய், முள்ளுடன் கூடிய ஒரு சிறு கிளையை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ வனத்துறை நாற்றங்காலையோ அணுகலாம். உழவர் பெருமக்கள் தங்கள் ஊர் ஏரியில் அடுத்த முறை வேலை தொடங்கும் முன் சுண்ணாம்பும் மட்டையுமாக முதலில் இறங்கி, தங்கள் மரங்களை அடையாளமிட்டுக் காத்துப் பயனடைவார்களாக.